கர்த்தர் தாங்குகிறார் என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி:

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. சபை. சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரே விவாதம். கன்வென்ஷனுக்கு வந்த ஒரு பிரசங்கியார், “அணுவின் நடுவில் இருக்கிற புரோட்டான்கள் எல்லாம் ஒரே மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறிப்போக வேண்டும். ஏன் சிதறவில்லை? விஞ்ஞானிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இயேசு பிடித்துக்கொண்டிருக்கிறார்!” என்றார். பந்தல் முழுக்க அல்லேலூயா. பக்கத்தில் இருந்த என் மகள், பிளஸ் டூ படிக்கிறாள், “அம்மா, அது எங்க ஃபிசிக்ஸ் புக்லயே இருக்கு” என்று காதில் சொன்னாள். அன்றிலிருந்து அவள் ஆலயத்துக்கு வருவது எனக்காகத்தான்.

அதே கூட்டத்துக்கு வந்த என் மாமியார் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். “உலகத்தையே தாங்குறவரு என்னைத் தாங்கமாட்டாரா?” என்று சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வயது 68. ஏதாவது சொன்னால் எங்களுக்கு விசுவாசம் இல்லை என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கர். ஒக்கி புயலில் அண்ணனைப் பறிகொடுத்தவர். “காற்றும் கடலும் அவர் கையிலன்னா, அன்னைக்கு அந்தக் கை எங்க இருந்தது?” என்று ஒருநாள் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கர்த்தர் சகலத்தையும் தாங்குகிறார் என்று ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு என்னதான் அர்த்தம்?

ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்:

சகோதரி, நீங்கள் எழுதியதில் ஒன்றுக்கு அவசரம் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். மாமியாரை இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வசனத்தை வைத்துக்கொண்டு நாம் மாதக்கணக்கில் விவாதிக்கலாம், சர்க்கரை அதுவரை காத்திருக்காது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் அது வலி காட்டாமல் வேலை செய்யும். நிறுத்திப் பல வாரம் ஆகியிருந்தால், பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகவே மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம். ரத்தம் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும். “இவர் யார் இதைச் சொல்ல, வேதபாடம் நடத்தினவர்தானே” என்று மாமியார் கேட்டால், பின்னால் சில அதிகாரங்களைச் சொல்கிறேன். வேதாகமத்தை எடுத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி புரோட்டானுக்கு வருவோம். இந்தப் பிரசங்கத்தை நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். எல்லாம் கிறிஸ்துவுக்குள் நிலைநிற்கிறது என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதைக் கொண்டுபோய் அணுக்கருவில் ஒட்டிவிடுவார்கள். உங்கள் மகள் சொன்னதுதான் சரி. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவது உண்மை. அந்தத் தள்ளலை அடக்கும் அளவுக்கு வலுவான வேறொரு விசை, அணுக்கருவின் அளவேயான மிகக் குறுகிய தூரத்துக்குள் மட்டும், அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. ஜப்பானின் ஹிடெகி யுகாவா 1935-லேயே இதற்கு ஒரு கோட்பாட்டைத் தந்தார், 1949-ல் நோபல் பரிசும் பெற்றார். 1970-களில் குவார்க், குளுவான் என்று கதை இன்னும் உள்ளே போய்விட்டது. பிரசங்கியார் “விஞ்ஞானிக்குத் தெரியாது” என்று சொன்னது அவர் தாத்தா காலத்துச் செய்தி. இதே வகையில், லாமினின் என்ற புரதம் சிலுவை வடிவில் நம் உடம்பைச் சேர்த்துப் பிடிக்கிறது என்றொரு படமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. லாமினின் உண்மை. படத்தில் அது சிலுவை மாதிரி தெரிவதும் உண்மை. உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேறு ஆயிரம் வடிவங்களில் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் என்ன பிரசங்கம் செய்வது?

ஆனால் பிரசங்கியாரின் அறிவியல் பிழையைவிட அவருடைய வேதபாடப் பிழைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மனிதனுக்குப் புரியாத இடத்தில் கடவுளை உட்கார வைத்தால், புரிகிற நாளில் அவரை எழுப்பிவிட வேண்டியிருக்கும். இது ஒருமுறை நடந்தே இருக்கிறது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் அவற்றின் பாதை மெல்லக் குலையும், கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் நினைத்தார். நியூட்டன் பெரிய விசுவாசி. பக்தியோடுதான் சொன்னார். 1715-ல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் இதைக் கிண்டல் செய்தார்: கடவுள் செய்த கடிகாரத்துக்கு அவரே அடிக்கடி சாவி கொடுத்து ரிப்பேரும் பார்க்க வேண்டுமா, அவ்வளவுதானா அவர் வேலைப்பாடு? நியூட்டனுக்காக சாமுவேல் கிளார்க் என்ற ஆங்கிலிக்கன் குரு பதில் எழுதினார்: கடவுள் இல்லாமலே ஓடும் கடிகாரம் என்றால், அவரை உலகத்துக்கு வெளியே அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த ஆண்டு லைப்னிட்ஸ் இறக்கும்வரை கடிதம் போய்வந்தது. 1780-களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், வியாழனும் சனியும் பாதை பிசகுவது போலத் தெரிவது உண்மையில் மிக நீண்ட ஒரு சுழற்சி, போன பிசகு திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கடவுளுக்கென்று நியூட்டன் ஒதுக்கிவைத்த வேலை அத்தோடு காலியானது. பக்தியோடு செய்ததால் பிழை சரியாகிவிடவில்லை.

லைப்னிட்ஸ், கிளார்க் இருவருமே கடிகாரத்தை வைத்தே பேசினார்கள். செய்து முடித்தபின் செய்தவன் இல்லாமல் இருக்கக்கூடிய பொருள் அது. அவர்களுக்கு 400 ஆண்டுகளுக்கும் முன்பே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைவிடத் தெளிவாக யோசித்திருந்தார். அவர் காட்டுவது இரண்டு விதமான உறவுகளை. கொத்தனார் வீட்டைக் கட்டிவிட்டுப் போனால் வீடு நிற்கும், ஏனென்றால் கல்லும் மரமும் அவர் கொடுத்தவை அல்ல, அடுக்கியது மட்டும்தான் அவர். சூரியன் காற்றில் வெளிச்சம் தருவது அப்படி இல்லை. சூரியன் மறைந்தால் வெளிச்சத்தில் மிச்சம் எதையும் காற்று வைத்துக்கொள்ளாது. படைப்பு கடவுளோடு நிற்பது இந்த இரண்டாவது உறவில் என்றார் அவர். ஆகவே அவருக்குப் படைப்பது ஒரு வேலை, பிறகு தாங்குவது இன்னொரு வேலை என்று இல்லை. இருக்கச் செய்வது என்ற ஒரே செயல்தான், அது நிற்காமல் நடக்கிறது. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை வேதம் சொல்வதால் நம்புகிறோம், வெறும் தர்க்கத்தால் அதை நிரூபிக்க முடியாது என்றுகூட எழுதியவர் அவர். தொடக்கமே இல்லாத உலகமாக இருந்தாலும் அதைத் தாங்க ஒருவர் வேண்டும் என்பது அவர் கட்சி. பெருவெடிப்பு நடந்ததா, எத்தனை கோடி வருஷத்துக்கு முன் என்ற சண்டையில் இறங்காமலே இந்த நம்பிக்கையைப் பேசலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படிப் பார்த்தால், அணுக்கருவில் அந்த விசை பாதி, கர்த்தர் பாதி என்று பங்கு பிரிக்க இடமே இல்லை. புரோட்டான் இருப்பது, அந்த விசை இருப்பது, அது இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருப்பது, அதைக் கணக்குப் போட யுகாவாவுக்கு மூளை இருந்தது எல்லாமே தாங்கப்படுகின்றன. அவர் விசைகளில் ஒரு விசை அல்ல. ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவியிலும் அவர் தனியாக ஒரு அளவாக விழமாட்டார். விழுந்தால் அது கடவுளாக இருக்காது, புதிதாகக் கண்டுபிடித்த ஐந்தாவது விசையாக இருக்கும்.

சங்கீதம் 104-ஐ ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். படைப்பைத் தாங்குவதைப் பற்றி வேதாகமத்தில் அதைவிட விரிவாகப் பேசும் இடத்தை நான் அறியேன். நீரூற்று, காட்டுக்கழுதை, மரத்தில் கூடுகட்டும் பறவை, கன்மலையில் குழிமுசல் என்று பெரிய பட்டியல். சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சிக்கின்றன, தேவனிடம் ஆகாரம் கேட்கின்றன என்கிறான் அந்தக் கவிஞன். அவன் ஆடுமாடு உள்ள நாட்டில் வாழ்ந்தவன். சிங்கம் எப்படிச் சாப்பிடுகிறது என்று அவனுக்குத் தெரியாதா? அது பதுங்கி, பாய்ந்து, கழுத்தைக் கடித்துத்தான் தின்கிறது. வானத்திலிருந்து இறைச்சி விழுவதில்லை. அது வேட்டையாடுவதும் தேவன் கொடுப்பதும் அவனுக்கு ஒரே காரியம். அடுத்த வரிகளில் பொழுது விடிகிறது, சிங்கம் படுக்கப் போகிறது, மனுஷன் வேலைக்குக் கிளம்பி அந்திவரை உழைக்கிறான். அதே சங்கீதத்தில், அதே தாங்குதலுக்குள். நம் மேடைகளில் இந்த மனுஷனைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

எதிர்ப்பக்கம் போனவர்களும் இருந்தார்கள். நெருப்பு பஞ்சை எரிப்பதில்லை, நெருப்பு பட்டதும் கடவுளே நேரடியாக எரிக்கிறார் என்று வாதிட்டார்கள். பிரான்சில் மலெபிராஞ்ச் என்ற குரு 17-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய இப்படி எழுதினார். சபை மரபு பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. அக்குவினாஸ் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தமானது. தனியாகச் செய்ய வலு இல்லாததால் கடவுள் மற்றவற்றின் வழியாகச் செய்வதில்லை, தாராளமாக இருப்பதால் காரணமாக இருக்கிற மதிப்பைப் படைப்புக்கும் பகிர்ந்து கொடுக்கிறார். மழைக்கும் மருந்துக்கும் செவிலிக்கும் அந்த மதிப்பு உண்டு. இங்கே உங்கள் மாமியார் வந்துவிட்டார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அவர் கையில் கொடுங்கள். பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. இரவில் தேவதூதன் வந்து, கப்பலில் உள்ள ஒரு உயிரும் போகாது என்று பவுலுக்கு வாக்குக் கொடுக்கிறான். வாக்கு கிடைத்துவிட்டது, பவுலும் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். உங்கள் மாமியார் நினைப்பது சரியென்றால் இனி அவன் படுத்துத் தூங்கலாம். பதினாலாம் இரவு மாலுமிகள் முன்பக்கத்தில் நங்கூரம் போடுகிற சாக்கில் சின்னப் படகைக் கடலில் இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் போய், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்கமாட்டீர்கள் என்கிறான். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துப் படகைக் கடலோடு விட்டுவிடுகிறார்கள். விடியும்போது, பதினாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையே, உயிர் பிழைக்க வேண்டுமே, சாப்பிடுங்கள் என்று வற்புறுத்துகிறான். அப்பத்தை எடுத்து ஜெபித்து அவனே முதலில் சாப்பிடுகிறான். 276 பேர். பிறகு மிச்சத் தானியத்தைக் கடலில் கொட்டிக் கப்பலின் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், தெரியாதவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு மெலித்தா தீவில் கரையேறினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. தூதன் சொன்னது நடந்தது. மாலுமியின் கைத்திறன், சேவகனின் வாள், வயிற்றில் போன அப்பம், உடைந்த பலகை எல்லாவற்றின் வழியாகவும் நடந்தது. அந்தக் கப்பலில் உடன் இருந்து இதையெல்லாம் எழுதிவைத்தவர் லூக்கா. தொழில் வைத்தியம்.

இது போதாது என்றால் இரண்டு ராஜாக்கள் 20-ஆம் அதிகாரம். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறான், அழுது ஜெபம் பண்ணுகிறான், 15 வருஷம் கூட்டித்தருவதாக ஏசாயா மூலம் கர்த்தரே சொல்கிறார். அடுத்த காரியமாக ஏசாயா கேட்பது அத்திப்பழ அடை. பிளவையின்மேல் பற்றுப் போடுகிறார்கள், அவன் பிழைக்கிறான். வாக்குக் கொடுத்த வாயே மருந்தும் சொன்னது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கைமருந்து எழுதினான். துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தான். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கும் துணிவு வராது என்று நம்புகிறேன். பாதுகாப்பார் என்ற வாக்கை நம்பித் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று சொன்னவன் யார், மறுத்தவர் யார் என்பதை மாமியாருக்கு நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது.

1527-ல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது லூத்தரும் இதே வாதத்தைச் சந்தித்தார். கடவுள் காப்பாற்ற நினைத்தால் மருந்தில்லாமலும் காப்பாற்றுவார் என்று சிலர் மருந்தை ஒதுக்கினார்கள், நோய் உள்ள வீடுகளுக்குள் தைரியமாகப் போய் வந்தார்கள். பிரெஸ்லாவ் நகரத்துக் குருமார்கள் கேட்டதற்குப் பதிலாக அவர் எழுதிய கடிதம் நூலாகவே வந்தது. மருந்தை ஒதுக்குவது விசுவாசம் இல்லை, கடவுளைச் சோதிப்பது என்பது அவர் தீர்ப்பு. தான் வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், எடுத்துக்கொள்வேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவைப்பட்டால் எந்த இடத்தையும் தவிர்க்கமாட்டேன் என்று எழுதினார். பல்கலைக்கழகம் வேறு ஊருக்குப் போனபோதும் அவர் போகவில்லை, வீட்டில் நோயாளிகளை வைத்துக்கொண்டார். ஓடாதவர் சொன்னதால் அந்தத் தீர்ப்புக்கு எடை அதிகம்.

மாமியாரின் மாத்திரை அநேகமாக மெட்ஃபார்மினாக இருக்கும். அதன் பூர்வீகம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி. நாட்டு வைத்தியத்தில் இருந்தது. அதன் வேதிப்பொருளோடு உறவுள்ள சேர்மமாக மெட்ஃபார்மினை 1922-ல் உருவாக்கினார்கள், 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரைக்குக் கொடுத்துப் பலன் கண்டு வெளியிட்டார். எசேக்கியாவின் அத்திப்பழத்துக்கும் இதற்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. இதையும் சொல்லிப் பாருங்கள். செடியிலிருந்து வந்தது என்றால் நம் பெரியவர்களுக்கு மாத்திரைமேல் கொஞ்சம் மரியாதை வரும்.

உங்கள் தோழியின் கேள்விக்கு வர எனக்குத் தயக்கம். மற்ற இரண்டும் தவறான போதனையால் வந்த சிக்கல்கள், திருத்திவிடலாம். இது அப்படி இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி உங்கள் மாவட்டத்தைத் தாக்கியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து போன பலர் எச்சரிக்கை எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு.

முதலில் சொல்லக்கூடாதவை. “தேவ சித்தம்” என்று சொல்லிவிடாதீர்கள். “பாவத்துக்குத் தண்டனை” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, ஆலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தது, தீயும் கடலும் மிச்சத்தைக் கொண்டுபோயின. மலக்ரிதா என்ற இயேசு சபைக் குரு, இது முழுக்க முழுக்கக் கடவுளின் கோபம், இயற்கைக் காரணம் தேடுவதே பாவம் என்று மறு ஆண்டே சிறுநூல் போட்டார். அமைச்சர் பொம்பால் பிணங்களை அகற்றி, தானியம் கொண்டுவந்து, நகரத்தைத் திரும்பக் கட்ட ஆள் அனுப்பினார். பொம்பால் நல்ல மனிதர் இல்லை, கொடுமைக்காரர். மலக்ரிதாவின் உயிர் பிற்பாடு போனதும் அவர் ஆட்சியில்தான். இருந்தாலும் அந்த வாரம் லிஸ்பனில் மனிதர்களைக் கடவுள் தாங்கினார் என்றால் அது யார் வேலை வழியாக என்று கேட்டால், எனக்குச் சந்தேகமில்லை.

தாங்கப்படும் உலகம் என்றால் காற்று காற்றாகவே இருக்கும் உலகம். உங்கள் மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை தருகிற அதே கடல்தான், சூடாகும்போது புயலையும் எழுப்புகிறது. இதைச் சொன்னால் பௌதிகம் புரியும், அண்ணனை இழந்தவருக்கு ஆறுதல் வராது. தெரிந்துதான் சொல்கிறேன், ஏனென்றால் கடவுள் ஒவ்வொரு அலையையும் குறிபார்த்து எறிகிறார் என்ற பயம் சிலருக்கு உள்ளூர இருக்கும்.

இயேசு ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி என்று சந்தை விலை சொல்கிறார். லூக்கா எழுதியதில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அதுவும் மறக்கப்படவில்லை என்கிறார். குருவி விழாது என்று அவர் சொல்லவில்லை. விழுகிறது. பிதா இல்லாத இடத்தில் அது விழுவதில்லை என்பதே அவர் சொன்னது. கொலோசெயரில் எல்லாம் கிறிஸ்துவுக்குள் நிலைநிற்கிறது என்ற வசனத்திலிருந்து மூன்றே வசனம் தள்ளிச் சிலுவையின் இரத்தம் வருகிறது. தாங்குகிறவர் அடிபட்டுச் செத்தவர் என்று சேர்த்துச் சொல்கிற நம்பிக்கை இது. பிரசங்கியார் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு புரோட்டானுக்குப் போய்விட்டார். 1373-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாகக் கிடந்த ஜூலியன் என்ற பெண் கண்ட காட்சிகளில் ஒன்று: உள்ளங்கையில் ஒரு கொட்டைப்பருப்பு அளவில் ஏதோ ஒன்று, அது படைப்பு முழுவதும் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. இத்தனை சிறியது எப்படி இன்னும் ஒன்றுமில்லாமல் போகாமல் இருக்கிறது என்று வியக்கிறார். கடவுள் அதை நேசிப்பதால் இருக்கிறது என்று பதில் வருகிறது. கொள்ளைநோய் வந்து வந்து ஊரைப் பாதியாக்கிய காலத்தில் வாழ்ந்தவர் அவர், சொகுசான இடத்திலிருந்து பேசவில்லை. அந்தக் காட்சியும் சிலுவையில் இருப்பவரை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிகிறது.

தோழியின் கேள்வி வேதாகமத்திலேயே இருக்கிறது. படகு நிறையத் தண்ணீர் ஏறும்போது சீடர்கள் தூங்குகிறவரை எழுப்பி, நாங்கள் சாவது உமக்கு ஒரு பொருட்டே இல்லையா என்கிற மாதிரி கேட்டார்கள். அந்தப் படகு கரை சேர்ந்தது. அண்ணனின் படகு சேரவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். தோழி கேட்கட்டும், ஆலயத்துக்குள்ளேயே கேட்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நவம்பர் 30 அன்று அவர் வீட்டுக்குப் போங்கள். பதில் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். ஒக்கிக்குப் பின் ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி எட்டுகிற டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கரையில் நின்று குரல் கொடுத்தவர்களில் அண்ணனையும் மகனையும் இழந்த வீட்டுக்காரர்களும் உண்டு. கடவுள் இதற்காகத்தான் புயலை விட்டார் என்று தயவுசெய்து அடுத்த வாக்கியம் சேர்த்துவிடாதீர்கள்.

கடைசியாக, கேட்காத ஒன்று. உங்கள் சபையில் சாட்சி நேரம் இருக்கும். எழுந்து நிற்பவர்கள் விபத்தில் தப்பியவர்கள், ஆபரேஷன் முடிந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள். “போன வருஷம் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, தினமும் சாப்பிட்டோம், பஸ் வந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்தாள்” என்று யாராவது சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை கவரிலும் அப்படி எழுதி வருவதில்லை. அபூர்வத்தில் மட்டும் கடவுளைத் தேடிப் பழகிய சபையில், மாத்திரையை விட்டால்தான் அவரைப் பார்க்கலாம் என்று உங்கள் மாமியாருக்குத் தோன்றியது அவருடைய தவறு மட்டும் இல்லை. அறுப்பின் பண்டிகையில் நம் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. வாழைத்தார், மரச்சீனி, கோழி, முதல் ஈத்துக் கன்று என்று ஆலய முற்றத்தில் கொண்டுவந்து இறக்கி ஏலம் விடுவார்கள். பத்து ரூபாய்க் காயை நூறு ரூபாய்க்கு எடுத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அதில் அற்புதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மண், மழை, எரு, உழைப்பு. அத்தனையும் ஸ்தோத்திரத்துக்குரியது என்று அந்த முற்றத்தில் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

லூத்தர் 1529-ல் பிள்ளைகளுக்காக எழுதிய ஞானோபதேசத்தில், தினசரி ஆகாரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு நீண்ட பட்டியல் கொடுக்கிறார். உணவு, உடை, செருப்பு, வீடு, வயல், மாடு, நல்ல அரசாங்கம், நல்ல வானிலை, நம்பகமான பக்கத்து வீட்டார் வரை போகும். தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழில் கொண்டுவந்த ஆரம்ப காலப் படைப்புகளில் அந்த ஞானோபதேசமும் உண்டு, ஆகவே தமிழ்க் கிறிஸ்தவனுக்கு இது புதுப்போதனை என்று யாரும் சொல்லமுடியாது. உங்கள் குடும்ப ஜெபத்தில் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொருவரும் அன்றைய நாளில் சாதாரணமாக நடந்த ஒன்றைச் சொல்லி, அது எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்றும் சொல்லி ஸ்தோத்திரம் சொல்லவேண்டும். தண்ணீர் வந்தது என்றால் மோட்டார் போட்டவர் பெயரோடு. முதல் வாரம் செயற்கையாக இருக்கும், மகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். அணுக்கரு விசையைச் சொல்லி அவள் ஸ்தோத்திரம் பண்ணினால் தடுக்காதீர்கள். மாமியாரிடம் ஒன்றும் வற்புறுத்த வேண்டாம். இரண்டாவது வாரத்தில் மருந்துக்கடைக்காரர் பெயர் அவர் வாயிலேயே வந்தாலும் வரும்.